மிதித்தால் நின்றுவிடும் சத்தம்

காலை ஒன்பது மணிக்குப் படூரில் பழைய மாமல்லபுரம் சாலை வடக்கே பார்த்து நெரிகிறது. திருப்போரூர், தையூர், கேளம்பாக்கம் பக்கத்து ஆட்கள் சிறுசேரி சிப்காட்டுக்கும் நாவலூருக்கும் போகும் நேரம். மத்திய கைலாசத்தில் புறப்பட்டு சிறுசேரி வரைக்கும் ஆறு வழியாக விரிந்து வரும் சாலை, அதற்குத் தெற்கே ஒடுங்கிவிடுகிறது. ஒடுங்கிய இடத்தில் கம்பெனி வேன், கல்லூரிப் பேருந்து, தண்ணீர் லாரி, பைக் எல்லாம் ஒன்றையொன்று உரசாத குறையாக நிற்கின்றன. முதல் கியர், கிளட்ச், பிரேக், மறுபடி முதல் கியர். இந்துஸ்தான் பல்கலைக்கழக வாசலைக் கடப்பதற்குள் ஓர் ஓட்டுநரின் இடது கால் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்பதைச் சாலையோரம் நின்றே கணக்கெடுக்கலாம். காரின் மூக்கு ஒவ்வொரு தடவையும் லேசாகத் தாழ்ந்து நிமிர்கிறது.

அந்த நெரிசலை விட்டு உள்ளே திரும்பும் தெருவில், நாலைந்து வீடு தள்ளி ஒரு தகரக் கொட்டகை. முன்னால் பூவரச மரம். மரத்தடியில் சக்கரம் கழற்றிய ஆம்னி ஒன்று ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. சுவரில் ரிங் ஸ்பேனர்கள் அளவு வாரியாகத் தொங்குகின்றன. எதை எடுத்தாலும் அதன் இடம் வெள்ளையாகத் தெரியும்படி சுவரில் எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது. ஒரு மூலையில் திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்ட் சாக்கு மூட்டை. எதிர்ப்பக்கம் டீக்கடை. அதன் பெஞ்சில் உட்கார்ந்தால் கொட்டகை முழுக்கத் தெரியும். பேசுவதும் கேட்கும்.

மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட வெள்ளை டீசல் கார் ஒன்று உள்ளே வந்து நிற்கிறது. ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கலாம். ஸ்டீயரிங் பக்கத்தில் இரண்டு போன்கள், இரண்டிலும் சவாரி கூப்பிடும் செயலிகள். சாவியைத் திருப்பப் போனவனை மெக்கானிக் கையைக் காட்டித் தடுக்கிறார்.

"ஆஃப் பண்ணாத தம்பி. அப்படியே வை. கியர நியூட்ரல் பண்ணிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டுட்டு எறங்கு."

மெக்கானிக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. நீல பேன்ட், முழங்கை வரை மடித்த சட்டை. பானெட்டைத் திறக்கவில்லை. காரின் முன்பக்க மட்கார்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஓட்டுநர் இறங்கி வந்து என்னவோ சொல்ல ஆரம்பிக்கிறான். அவர் தலையை மட்டும் அசைக்கிறார், பேச்சு நின்றுவிடுகிறது.

இப்போது எனக்கும் கேட்கிறது. டீசல் இன்ஜினுக்கே உரிய தடதடப்பு மேலே. அதற்கு அடியில் இன்னொன்று, காலி டின்னில் புளியங்கொட்டையைப் போட்டு ஓயாமல் குலுக்குவது போல ஒரு கலகலப்பு. சீராகவும் இல்லை, கொஞ்சம் அடங்கி, கொஞ்சம் எழும்பி, மறுபடி அடங்குகிறது.

"ஓடுறப்போ வருதா?"

"ஓடுறப்போ இல்லண்ணே. சிக்னல்ல நிக்கும்போதுதான். கிளட்ச மிதிச்சா நின்னுடுது. கால எடுத்தா திரும்ப வந்துடுது."

"எத்தன நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். மொதல்ல வண்டி சூடானாத்தான் வரும். இப்ப காலையிலயே வருது. ஒரு எடத்துல காட்டினேன். கம்ப்யூட்டர் போட்டுப் பாத்தாங்க, ஒண்ணும் காட்டல. கியர் பாக்ஸ் போயிருக்கும், எறக்கிப் பிரிச்சுப் பாத்துதான் சொல்ல முடியும்னாங்க."

கம்ப்யூட்டர் காட்டாததில் வியப்பில்லை. காரின் மூளைக்குத் தெரிவதெல்லாம் அதனோடு கம்பியில் இணைத்த உணர்விகள் சொல்லும் செய்திதான். காற்றின் அளவு, தண்ணீரின் சூடு, டீசலின் அழுத்தம், சக்கரத்தின் வேகம் இவற்றுக்கெல்லாம் உணர்வி உண்டு. கிளட்ச் தட்டின் நடுவில் இருக்கும் சின்ன ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று சொல்ல ஒன்றும் கிடையாது. எத்தனையோ ஆயிரம் பேர் மென்பொருள் எழுதும் சிறுசேரிக்கு இவ்வளவு பக்கத்திலும், இந்த ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க மனிதக் காதுதான் வேண்டியிருக்கிறது.

நியூட்ரலில் நிற்கும் காரில் கியர் பாக்ஸ் ஓய்வெடுக்கிறது என்றுதான் ஓட்டுகிறவர்கள் நினைக்கிறார்கள். அது ஓய்வதே இல்லை. இன்றைய கியர் பாக்ஸில் முன்னே போகும் கியர்களின் பற்சக்கரங்கள் எல்லாம் எப்போதும் ஜோடி ஜோடியாகப் பல் கோத்தபடியே இருக்கின்றன. கியர் போடுவது என்பது அவற்றில் ஒரு ஜோடியைத் தண்டோடு பிணைப்பது மட்டும்தான். 1928இல் அமெரிக்காவில் கேடிலாக் கார் சிங்க்ரோமெஷ் கியர் பாக்ஸோடு வந்தது. பல்லோடு பல் அரைத்துக்கொண்டு கியர் போட்ட காலம் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல முடிந்தது. ஓட்டுநருக்கு வேலை சுலபமானது. ஆனால் கிளட்ச் பெடலில் கால் இல்லாதவரை, கார் நின்றிருந்தாலும், இன்ஜினின் சுழற்சி கிளட்ச் வழியாகக் கியர் பாக்ஸுக்குள் போய்க்கொண்டேயிருக்கிறது. சுமை எதையும் இழுக்காமல் பற்சக்கரங்கள் சும்மா சுற்றுகின்றன. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கிறது. எண்ணெய் போய்வர அது வேண்டும். சுழற்சி ஒரே சீராக வந்தால் அந்த இடைவெளி தெரியாது. வருவது சீராக இல்லை.

நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் 1,600 வெடிப்பு. நொடிக்கு ஏறக்குறைய 27. ஒவ்வொரு வெடிப்புக்கும் தண்டு ஒரு உந்து உந்தி, அடுத்த வெடிப்புக்குள் சற்றே தளர்கிறது. டீசலில் இந்த உந்தல் பெட்ரோலைவிடக் கடுமை. கனமான ஃபிளைவீல் அதைப் பாதி தணிக்கும். மீதியை வாங்கிக்கொள்ளத்தான் கிளட்ச் தட்டின் நடுவில் ஸ்பிரிங்குகளை வைத்திருக்கிறார்கள். பல கார்களில் அது இரண்டு அடுக்கு. தடித்த ஸ்பிரிங்குகள் ஓட்டத்தின் சுமைக்கு. மெலிந்தவை ஐடிலிங்கின் சின்ன உதறலுக்கு. மெலிந்தவை போய்விட்டால் நொடிக்கு 27 உந்தலும் அப்படியே பல்லுக்குப் போகும். பல் முன்னும் பின்னும் இடித்துக்கொள்ளும். அதுதான் கலகல.

ஆனால் கலகலவென்று வருவதெல்லாம் அதுதானா? மெக்கானிக் அடுத்த முக்கால் மணி நேரம் செய்தது இந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலை. அதைப் பார்த்ததைத்தான் நான் எழுத விரும்புகிறேன்.

ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன் ஒருவன் கூட இருக்கிறான். இருபது வயதுக்குள். பின்சக்கரத்துக்கு அவனே போய்க் கல் முட்டுக் கொடுக்கிறான். ஓட்டுநர் மறுபடி உட்கார்ந்து கிளட்சை மிதிக்கிறான். சத்தம் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. மெக்கானிக் பையனைப் பார்க்கிறார்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுண்ணே."

"முழுசா நின்னுடுச்சா? அடியில பாரு."

பையன் தரையில் ஒரு கையை ஊன்றிக் குனிகிறான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொல்கிறான். "தகரம் மாதிரி ஒண்ணு அதிருதுண்ணே."

புகைக்குழாயின் மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு. அதன் ஒரு போல்ட் துருப்பிடித்துத் தலை உதிர்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்துக் கார்களின் அடிவயிற்றைப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும். கிழக்கே முட்டுக்காட்டுக் கழி, பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் கோவளம் கடல். கேளம்பாக்கத்தில் உப்பளங்கள். அங்கிருந்து வரும் காற்று ஈரத்தோடு உப்பையும் கொண்டு வருகிறது. மெல்லிய தகடும் சின்ன போல்ட்டும்தான் முதலில் போகின்றன. பையன் ஒரு ஹோஸ் கிளிப்பை எடுத்து வந்து, சுடும் குழாயில் கை படாமல் தகட்டைச் சுற்றி இறுக்குகிறான். ஒரு சத்தம் கணக்கிலிருந்து கழிந்தது.

இப்போது மிதித்தால் இன்ஜின் தடதடப்பு மட்டும், விட்டால் கலகல. இரண்டு சத்தம் கலந்திருந்தபோது கேட்ட குழப்பம் இல்லை. மலிவான காரணத்தை முதலில் தீர்த்துவிடுவது காசுக்காக மட்டும் செய்கிற காரியமில்லை என்று அப்போது விளங்கியது. அது கிடக்கிறவரை மற்றதைக் கேட்கவே முடியாது.

பானெட் இப்போதுதான் திறக்கிறது. மெக்கானிக் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுக்கிறார். மரப்பிடி, பிடியின் முனை வழவழவென்று தேய்ந்திருக்கிறது. நுனியை இன்ஜினின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்கிறார். பெல்ட் ஓடும் பக்கம் ஒரு தடவை. ஆல்டர்னேட்டரில் ஒரு தடவை. பிறகு இந்தப் பக்கம், பேட்டரிக்குக் கீழே, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் மணி வடிவக் கூட்டின் மேல். அங்கே நெடுநேரம். கண்ணை மூடவில்லை; எதிரே இருக்கும் பூவரச மரத்தைப் பார்த்தபடி நிற்கிறார். அதன்பின் நுனியைக் கியர் பாக்ஸின் கடைசி வரை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறார்.

ஸ்க்ரூ டிரைவரைப் பையனிடம் நீட்டுகிறார்.

"என்ன கேக்குது?"

"சத்தம் கேக்குதுண்ணே."

"எந்த சத்தம்?"

பையன் பதில் சொல்லவில்லை. மெக்கானிக் அவன் கையோடு கையை வைத்து நுனியைக் கூட்டின் மேல் வைக்கிறார். பிறகு கியர் பாக்ஸின் பின்கோடிக்கு. மறுபடி கூட்டுக்கு.

"இங்க ஜாஸ்தியா, அங்க ஜாஸ்தியா?"

"அங்கயும் இருக்கு. ஆனா இங்கதான் கிட்டக்க கேக்குது."

"கொய்ங்னு ஒண்ணு கூட வருதா? இழுத்தாப்பல?"

பையன் மறுபடி காதை வைக்கிறான். இந்தத் தடவை அவனும் மரத்தைப் பார்க்கிறான். "இல்லண்ணே. உதறல் மட்டும்தான். இழுவ இல்ல."

"இழுவ இருந்தா பேரிங். அது ரேஸ் பண்ணப் பண்ண ஏறும், ஓடுறப்பவும் கேக்கும். இது?"

ஓட்டுநரிடம் ஆக்சிலேட்டரைத் தொடச் சொல்கிறார். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். முள் ஆயிரத்தைத் தாண்டி நகரும்போது கலகலப்பு மெலிந்து, சற்று மேலே போனதும் காணாமல் போகிறது. காலை எடுத்தவுடன் முள் இறங்க, சத்தம் திரும்புகிறது. வேகம் கூடினால் வெடிப்புகள் நெருங்கி வரும்; ஃபிளைவீலின் கனம் அவற்றை ஒன்றாக்கிவிடும்; பல்லுக்கு உதற நேரம் கிடைக்காது. கியர் பாக்ஸின் நுழைதண்டு பேரிங் தேய்ந்திருந்தால் அதற்கு நேர்மாறாக, வேகம் கூடக்கூட ஓலமும் கூடியிருக்கும். காலால் ஒரு தொடல். பெரிய செலவு வைக்கும் ஒரு காரணம் பட்டியலிலிருந்து பாதிக்கு மேல் நீங்கிவிட்டது.

அடுத்து செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டுநரை இறக்கிவிட்டு, பையனைக் காருக்குள் குனிய வைக்கிறார். கிளட்ச் பெடலைக் காலால் மிதிக்கக் கூடாது. உள்ளங்கையால் அமுக்க வேண்டும். இடுப்பு வெளியே, தலை ஸ்டீயரிங்குக்கு அடியில். மெக்கானிக் வெளியே ஸ்க்ரூ டிரைவரோடு.

"மெல்ல. இன்னும் மெல்ல. ஒரு நூல் அமுக்கு. நிறுத்து. இப்ப எப்படி?"

"அப்படியேதான் இருக்குண்ணே."

"இன்னும் ஒரு நூல்."

"அப்படியேதான்."

பெடலின் முதல் தொடலிலேயே சத்தம் மாறியிருந்தால் குற்றவாளி ரிலீஸ் பேரிங்கோ அதைத் தள்ளும் ஃபோர்க்கோ. சும்மா கிடக்கும்போது ஆட்டம் போடும் ஃபோர்க், மேலே லேசாகக் கை பட்டாலே வாயை மூடிக்கொள்ளும். கிளட்ச் தட்டு ஃபிளைவீலை விட்டுப் பிரியும் இடம் வரை சத்தம் தொடர்ந்தால் அவை இரண்டும் காரணமில்லை. ஒரு காலில் ஓங்கி மிதிக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மிதித்தேன், நின்றது என்றுதான் சொல்லுவான். அந்த நாலு விரற்கடை பெடல் தூரத்துக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. உள்ளங்கைதான் பிரித்துச் சொல்கிறது.

பெடல் பாதிக்கு மேல் போன பிறகு சட்டென்று நின்றது.

"விடு. மெல்ல." அதே இடத்தில் திரும்ப வந்தது. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைப் பனியன் வேஸ்டில் துடைத்து வைக்கிறார்.

டீக்கடை அக்கா இரண்டு டம்ளரைக் கொண்டுபோய் ஆம்னியின் கூரை மேல் வைத்துவிட்டு வருகிறார். யாரும் எடுக்கவில்லை. தெருவில் ஒரு மின்சாரக் கார் போகிறது. டயர் மண்ணில் நசுங்கும் சத்தம் மட்டும். அதில் கிளட்ச் கிடையாது; நின்றால் மோட்டார் சுற்றுவதும் கிடையாது. இந்தக் கொட்டகையில் இன்று காலை நடந்த எதற்கும் அந்தக் காரில் வேலை இல்லை. பையனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வயதுக்கு, கேட்டுக் கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கம் இன்னும் பல வருடம் சோறு போடும் என்று நான் நம்புகிறேன். மின்சாரக் காரிலும் பேரிங் உண்டு, பற்சக்கரம் உண்டு. இன்ஜின் சத்தம் மூடாததால் அவை இன்னும் தெளிவாகவே கேட்கும்.

"ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணு தம்பி."

ஓட்டுநர் செய்கிறான். நிறுத்தும்போது உள்ளே தடாலென்ற இடி இல்லை. இரட்டை ஃபிளைவீல் போட்ட கார்களில், அது தளர்ந்தால் நிறுத்தும்போதும் கிளப்பும்போதும் அந்த இடி கேட்கும். ஸ்பிரிங்கைக் கிளட்ச் தட்டிலிருந்து எடுத்து ஃபிளைவீலுக்குள்ளேயே வைக்கும் ஏற்பாடு அது. ஜெர்மனியின் லூக் நிறுவனம் 1985இல் அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது.  அது வந்த கார்களில் ஐடிலிங் அமைதியானது. போனால் செலவும் அதற்கேற்ப. இந்தக் காரில் சாதா ஃபிளைவீல்தான் என்று மெக்கானிக் சொன்னதும் ஓட்டுநரின் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன்.

கடைசியாகக் கியர் ஆயில். கார் ஜாக்கியில் ஏறுகிறது, ஸ்டாண்டு உள்ளே போகிறது. பக்கவாட்டு பிளக்கைத் திறந்து சுண்டு விரலை விட்டுப் பார்க்கிறார். அளவு சரி. விரலில் ஒட்டிய எண்ணெயைக் கட்டை விரலால் தேய்த்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். பழுப்பு, மினுமினுப்பு இல்லை. பிறகு அந்த விரலை ஓட்டுநர் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். பல் உடைந்திருந்தாலோ பேரிங் அரைபட்டிருந்தாலோ இரும்புப் பொடி மின்னியிருக்கும். சூடானால்தான் சத்தம் வரும் என்று ஓட்டுநர் முதலில் சொன்னதற்கும் இந்த எண்ணெயில்தான் விடை. குளிரில் கெட்டியாக இருக்கும்போது பல்லின் இடைவெளியை அது நிரப்பிக்கொள்கிறது. சூட்டில் நீர்த்துப் போனதும் பல் தனியாக விடப்படுகிறது.

"கியர் பாக்ஸ் நல்லாருக்கு தம்பி. கிளட்ச் பிளேட்ல ஸ்பிரிங் போயிருக்கு."

ஓட்டுநர் உடனே மகிழ்ந்துவிடவில்லை. ஒரு இடத்தில் பெரிய பயத்தைக் கேட்டு வந்தவனுக்குச் சின்ன செய்தியை நம்பச் சற்று நேரம் வேண்டும்.

"நிச்சயமாவாண்ணே?"

"எறக்குனா பாத்துக்கலாம். ஆனா எறக்கறதுக்கு முன்னாடியே சொல்றேன்ல."

"அப்படியே ஓட்டுனா?"

மெக்கானிக் இதற்கு உடனே பதில் சொல்லவில்லை. டீயை இப்போதுதான் எடுக்கிறார். "ஓட்டலாம். நாலு நாள் ஓடும், நாப்பது நாளும் ஓடும். ஒடஞ்ச துண்டு வெளிய வந்து நடுவுல சிக்கிச்சுன்னா கிளட்ச் பிரியாது. நீ மிதிப்ப, கியர் விழாது. அது கேளம்பாக்கம் ஜங்ஷன்ல நடக்கலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு ஏர்போர்ட் சவாரியில நடக்கலாம். ஆள் உக்காந்திருக்கும் வண்டி."

ஓட்டுநர் இரண்டு போன்களையும் பார்க்கிறான். ஒன்றில் சவாரி அழைப்பு மின்னிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய தவணை, டீசல், வீட்டுச் செலவு மூன்றும் நிற்கும். அவன் நகர்ந்துபோய்ப் பூவரச மரத்தடியில் போனில் யாரிடமோ பேசுகிறான். கிளட்ச், சாயந்திரம், இல்ல கியர் பாக்ஸ் இல்ல என்ற மூன்றும்தான் என் காதில் விழுந்தன. இந்த நேரத்தில் மெக்கானிக் அவனை அவசரப்படுத்தவில்லை. பையன்கூட ஸ்பேனரை எடுக்கவில்லை. திரும்பி வந்து இரண்டு போனிலும் செயலியை அணைத்துவிட்டு, "எறக்கிடலாம்ணே" என்கிறான்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது, சொல்ல அதிகமில்லை. பேட்டரி, ஸ்டார்ட்டர், கியர் கேபிள், இரண்டு ஆக்சில். இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டையோடு ஜாக்கி. மணி வடிவக் கூட்டின் போல்ட்டுகளில் இரண்டு துருவில் இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு, தட்டி, காத்திருந்து, டாமி போட்டுத் திருப்பினார்கள். இரண்டு பேரும் மல்லாந்து படுத்துக் கியர் பாக்ஸை மார்பின் மேல் வாங்கி இறக்கினார்கள். இதை லிஃப்ட்டும் கியர் பாக்ஸ் ஜாக்கியும் இருக்கும் இடத்தில் இவ்வளவு பாடுபடாமல் செய்யலாம். அந்த வசதி இந்தக் கொட்டகைக்கு வந்தால் இரண்டு முதுகுகள் பிழைக்கும்.

பிரஷர் பிளேட் கழன்றதும் கிளட்ச் தட்டு வெளியே வந்தது. மெக்கானிக் அதைத் துடைக்காமலேயே காதருகே பிடித்து ஆட்டினார். சலசல. தெருவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. தட்டின் நடுவில் தடித்த ஸ்பிரிங்குகள் தம் ஜன்னல்களில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. நடுக்கட்டையை ஒட்டியிருந்த மெலிந்த ஸ்பிரிங் ஒன்று இரண்டாக உடைந்து, ஒரு துண்டு சாய்ந்து கிடந்தது. இன்னொன்று தன் ஜன்னலைத் தேய்த்துப் பெரிதாக்கி ஆடிக்கொண்டிருந்தது. உராய்வுப் பட்டையில் இன்னும் கனம் மிச்சம் இருந்தது. தட்டை முதலில் பையன் கையில்தான் கொடுத்தார்.

"காலையில உன் காதுல விழுந்தது இதுதான்."

பையன் ஆட்டிப் பார்த்தான். நிறுத்தினான். மறுபடி ஆட்டினான். நுழைதண்டை மேலும் கீழும் அசைத்து, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று அவனாகவே பார்த்தான். யாரும் சொல்லவில்லை. ஆட்டம் இல்லை. ரிலீஸ் பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றினான். சொரசொரப்பு லேசாகத் தெரிந்தது போலும், அவரிடம் நீட்டினான். அவர் சுற்றிப் பார்த்து, "செட்டாவே மாத்திடலாம். இதுக்காக இன்னொருவாட்டி எறக்க முடியாது" என்றார்.

புதிய கிளட்ச் செட் பைக்கில் வந்து சேர மதியம் ஆனது. தட்டை நடுவில் நிறுத்த ஒரு பழைய நுழைதண்டு வைத்திருக்கிறார்கள். அதைச் செருகி, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரும் புதிருமாக இறுக்கினார்கள். தண்டின் வரிப்பள்ளத்தில் கிரீஸ் ஒரு பொட்டு. அதிகமானால் தட்டில் தெறித்து வழுக்கும். வெயில் மரத்தைத் தாண்டிக் கொட்டகைக்குள் வந்திருந்தது. கியர் பாக்ஸ் ஏறுவதற்கு இறங்கியதைவிட நேரம் பிடித்தது.

கார்த் தொழிற்சாலைகளில் இந்த வகைச் சத்தங்களை ஆராய எதிரொலி எழாத அறைகள் கட்டியிருக்கிறார்கள், நிறைய மைக்குகளும் அதிர்வுமானிகளும் வைத்து. இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைமலைநகரில் ஃபோர்டு கார்கள் உருவாகி வந்தன. 2021 செப்டம்பரில் நிறுத்தப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது, மறு ஆண்டு கடைசிக் கார் வெளியே போனது. மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் மகேந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கே ஒரு காரைச் சத்தமில்லாமல் ஆக்குவதற்குப் படித்தவர்கள் வருடக்கணக்கில் உழைக்கிறார்கள், அவர்களுக்கு அதற்குரிய சம்பளமும் மரியாதையும் உண்டு. கார் விற்ற பிறகு, லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, அதே சத்தத்தை அதே ஒழுங்கோடு ஒவ்வொன்றாக நீக்கிக் கண்டுபிடிக்கும் ஆளுக்கு அது உண்டா?

சாயங்காலம் அவர் எழுதிய சீட்டை ஓட்டுநர் டீக்கடைப் பெஞ்சில் வைத்துப் படித்தபோது பார்த்தேன். கிளட்ச் செட், கியர் ஆயில், கிளிப், இறக்கி ஏற்றிய கூலி. காலையில் கேட்டதற்கு ஒன்றும் இல்லை. இறக்கி ஏற்றுவதை உடம்பில் தெம்பு உள்ள யாரும் கற்றுக்கொள்ளலாம். கியர் பாக்ஸைப் பிரிக்காமலேயே அது நன்றாக இருக்கிறது என்று சொன்னதால்தான் இந்தச் சீட்டு இத்தனை சின்னதாக இருக்கிறது. அந்த முக்கால் மணி நேரத்துக்குச் சீட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். அதைக் கேட்க அவருக்குக் கூச்சம் இருக்கக் கூடாது, கொடுக்க நமக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. மருத்துவரிடம் மாத்திரைக்குத் தனி, பார்த்ததற்குத் தனி என்று நாம் கொடுத்துத்தானே வருகிறோம்.

இன்ஜின் கிளம்பியது. நியூட்ரலில் விட்டு மூன்று பேரும் நின்றார்கள். டீசலின் தடதடப்பு மட்டும். பையன் தரையில் கை ஊன்றி அடியிலும் ஒரு தடவை கேட்டுவிட்டு எழுந்தான்.

"ஒரு வாரத்துக்கு ஹாஃப் கிளட்ச் போடாத தம்பி. பட்டை ஒக்காரணும். டிராபிக்ல நின்னா நியூட்ரல் பண்ணிட்டுக் காலைக் கீழ வை. பெடல் மேலயே கால வச்சிக்கிட்டு ஓட்டற பழக்கம் இருக்கு உனக்கு."

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"பெடல் ரப்பரப் பாரு. நடுவுல வரி அப்படியே இருக்கு. வலது ஓரம் மழமழன்னு போயிருக்கு. மிதிக்கறவன் நடுவுல மிதிப்பான். சும்மா கால வச்சிருக்கறவன் ஓரத்துல வப்பான்."

ஓட்டுநர் குனிந்து பார்த்தான். பையனும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அந்த ரப்பரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டும்படி மெக்கானிக் சொல்ல, பையன் போய் அலமாரியில் தேடி எடுத்து வந்தான். மாட்டி முடித்ததும் கார் தெருமுனைக்குப் போய், வடக்கே திரும்ப இடம் கிடைக்கும் வரை இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு நின்றது.